நூல் எங்கே போகிறது?

"எனக்கு தைராய்டு இருக்குதுங்க" என்று ஒருவர் சொன்னால், பக்கத்தில் இருப்பவர் கேட்கும் அடுத்த கேள்வி திருப்பூரில் பெரும்பாலும் இதுதான்: "குண்டாவறதுங்களா, இளைக்கறதுங்களா?" பனியன் கம்பெனிகளின் சாப்பாட்டு வேளையில், டிபன் பாக்ஸ்களுக்கு நடுவே சாதாரணமாகக் காதில் விழும் பேச்சு. தைராய்டு என்பது எல்லோர் கழுத்திலும் உள்ள சுரப்பி, நோயின் பெயர் அல்ல என்று திருத்தத் தோன்றலாம். ஆனாலும் அது நல்ல கேள்வி. சுரப்பு குறைந்துவிட்டதா, மிஞ்சிவிட்டதா என்ற முதல் பிரிவினையை நோக்கித்தான் அது போகிறது.

இதில் "இளைக்கிற தைராய்டு" பற்றி அதிகம் பேசப்படுவதில்லை. அது குறைவாகத்தான் வருகிறது. சென்னை உட்பட எட்டு இந்திய நகரங்களில் நடந்து 2013இல் வெளியான ஆய்வில், ஏறத்தாழ 100க்கு 11 பேருக்குக் குறைச் சுரப்பு இருந்தது. மிகைச் சுரப்பு அதில் ஒரு சிறு பங்குதான். ஆனால் எண்ணிக்கையில் சிறிய இந்த நோய், திருப்பூர் போன்ற ஊரில் ஒளிந்துகொள்ள எத்தனையோ இடம் இருக்கிறது.

யோசித்துப் பாருங்கள். தகரக் கூரைக்குக் கீழே, அயர்ன் டேபிளின் ஆவிக்குப் பக்கத்தில், சித்திரை மாதத்தில் வியர்க்காதவர் யார்? வாரம் முழுக்க ஒன்றரை ஷிப்ட் பார்க்கிற பெண் இளைத்துப்போனால் "வேலை அப்படி" என்று வீட்டில் சொல்லிவிடுவார்கள். படியேறும்போது நெஞ்சு படபடத்தால் டீ அதிகமாகிவிட்டது என்பார்கள். தூக்கம் வராவிட்டால், ஷிப்மென்ட் நெருக்கடி. வியர்வை, இளைப்பு, படபடப்பு, தூக்கமின்மை, எரிச்சல், மாதவிலக்குக் குறைவது என்று நோயின் குறிகள் ஒவ்வொன்றுக்கும் வேலையிலேயே ஒரு காரணம் தயாராக இருக்கிறது. காட்டிக்கொடுப்பது பல நேரங்களில் கைதான். நீட்டிய விரல்கள் மெல்ல நடுங்கும். ஓவர்லாக் மிஷினில் நூல் கோக்க வழக்கத்தைவிட நேரம் பிடிக்கும். தையல் ஓடிப்போய், செக்கிங்கில் இருந்து பீஸ் திரும்பி வரும். நன்றாக வேலை தெரிந்த டைலர் ஒருவரின் பீஸ்கள் திடீரென்று திரும்பி வரத் தொடங்கினால், திட்டுவதற்கு முன் அவர் கையை நீட்டச் சொல்லிப் பார்க்கலாம்.

ரத்தப் பரிசோதனை இந்தச் சந்தேகத்தை ஒரே நாளில் தீர்த்துவிடும். டி.எஸ்.எச். அடிமட்டத்துக்கு இறங்கி, டி3, டி4 ஏறியிருந்தால் ரத்தத்தில் தைராய்டு ஹார்மோன் மிஞ்சிவிட்டது உறுதி. பலர் இதோடு கேள்வி முடிந்ததாக நினைக்கிறார்கள். மருத்துவருக்கு இங்கேதான் கேள்வி தொடங்குகிறது. ஏன் மிஞ்சியது? அதற்குப் பல காரணங்கள் உண்டு. ஒன்றுக்குத் தரும் மருந்து இன்னொன்றுக்கு உதவாது.

இதைத் திருப்பூர்க்காரருக்கு விளக்குவது எளிது. தைராய்டை ஒரு பனியன் கம்பெனியாக வைத்துக்கொள்ளுங்கள். அயோடின்தான் நூல். டி3, டி4 ஹார்மோன்கள் தைத்து முடித்த சரக்கு. மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பிதான் பையிங் ஆபீஸ். அது அனுப்பும் ஆர்டர்தான் டி.எஸ்.எச். ஊரில் சரக்குக் குறைந்தால் ஆர்டர் கூடும். சரக்கு மிஞ்சினால் ஆர்டர் நிற்கும். இந்தக் கம்பெனிக்கு ஒரு தனிச்சிறப்பும் உண்டு. உடலின் மற்ற பல சுரப்பிகளைப் போல அன்றாடம் செய்து அன்றாடம் அனுப்புவதில்லை. இரண்டு மூன்று மாதங்களுக்குத் தேவையான சரக்கைத் தன் குடோனிலேயே அடுக்கிவைத்திருக்கிறது.

இப்போது சந்தையில் சரக்கு குவிந்துவிட்டது. என்ன நடந்திருக்கலாம்?

யாரோ பையிங் ஆபீஸ் பெயரில் போலி ஆர்டர்களை அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். கம்பெனி முழுவதும் இரவும் பகலும் ஓடுகிறது. இதுதான் கிரேவ்ஸ் நோய். 1835இல் டப்ளினில் ராபர்ட் கிரேவ்ஸ் என்ற மருத்துவர் விவரித்தது. உடலின் எதிர்ப்பாற்றல் தவறிப்போய் உண்டாக்கும் ஒரு எதிர்ப்பொருள், டி.எஸ்.எச். போலவே சுரப்பியின் கதவைத் தட்டுகிறது. கம்பெனிக்கு உண்மை ஆர்டருக்கும் போலி ஆர்டருக்கும் வித்தியாசம் தெரியாது.

அல்லது, ஒரே ஒரு மிஷினின் சுவிட்ச் மாட்டிக்கொண்டது. ஆர்டர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது மட்டும் நிற்காமல் ஓடுகிறது. சரக்கு மிஞ்சி ஆர்டர் நின்றுபோனதால் மற்ற மிஷின்கள் சும்மா கிடக்கின்றன. இது நச்சு முடிச்சு. பல ஆண்டுகளாகக் கழுத்தில் கழலை இருந்தவர்களுக்கு, குறிப்பாக வயது முதிர்ந்தவர்களுக்கு, இப்படிப் பல மிஷின்கள் ஆங்காங்கே மாட்டிக்கொள்வதும் உண்டு.

மூன்றாவது வகையில் கம்பெனி அதிகமாக ஓடவே இல்லை. குடோன் சுவர் இடிந்து, அடுக்கி வைத்திருந்த சரக்கெல்லாம் தெருவுக்கு வந்துவிட்டது. இது தைராய்டு அழற்சி. சிலருக்குக் காய்ச்சல் வந்து போனபின் கழுத்து வலியோடு வரும். சிலருக்கு வலியே இருக்காது. பிள்ளை பெற்ற முதல் ஆண்டில் பெண்களுக்கு வருவதும் இதில் ஒரு வகை. நான்காவதாக, சரக்கு இந்தக் கம்பெனியுடையதே அல்ல, வெளியிலிருந்து வந்தது. உடம்பு குறையும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, இன்னொருவரின் தைராக்ஸின் மாத்திரையை விழுங்கினால் இப்படி ஆகும்.

தெருவில் கிடக்கும் சரக்கை எவ்வளவு எண்ணினாலும் இந்த நான்கில் எது என்று சொல்ல முடியாது. டி4 எவ்வளவு என்று மறுபடி மறுபடி பார்ப்பதும் அப்படித்தான். கேட்க வேண்டிய கேள்வி வேறு: இந்த நேரத்தில் கம்பெனிக்குள் நூல் போகிறதா, போனால் எந்த மிஷினுக்குப் போகிறது?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் படம் ஒன்றுதான். அது அணு மருத்துவ ஸ்கேன். ஆனால் நம் ஊரில் ஸ்கேன் என்றால் வயிற்றில் ஜெல் தடவி எடுக்கும் அல்ட்ராசவுண்ட்தான் நினைவுக்கு வருகிறது. மருத்துவர் சீட்டில் "தைராய்டு ஸ்கேன்" என்று எழுதுகிறார். நோயாளி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து ஸ்கேன் சென்டருக்குப் போகிறார். அங்கே அல்ட்ராசவுண்ட் எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். மருத்துவர் கேட்டது அதுவாகவும் இருக்கலாம், அணு மருத்துவ ஸ்கேனாகவும் இருக்கலாம். இரண்டும் வேறு வேறு பரிசோதனைகள். அல்ட்ராசவுண்ட் கட்டடத்தைக் காட்டுகிறது: எவ்வளவு பெரிது, எங்கே முடிச்சு, அந்த முடிச்சின் ஓரம் எப்படி. உள்ளே வேலை நடக்கிறதா என்பதை அணு மருத்துவ ஸ்கேன் காட்டுகிறது.

அயோடினைப் பின்தொடர்ந்து சுரப்பியின் வேலையைப் பார்க்கலாம் என்ற எண்ணத்துக்குப் பிறந்தநாள் உண்டு. 1936 நவம்பர் 12 அன்று, அமெரிக்காவின் பாஸ்டனில் இயற்பியலாளர் கார்ல் காம்ப்டன் மருத்துவர்களுக்கு ஒரு சொற்பொழிவு ஆற்றினார். கேட்டுக்கொண்டிருந்த சால் ஹெர்ட்ஸ் என்ற இளம் தைராய்டு மருத்துவர், அயோடினைச் செயற்கையாகக் கதிரியக்கம் உள்ளதாக ஆக்க முடியுமா என்று கேட்டார். அடுத்த ஆண்டு முயல்களில் சோதனை. 1941இல் முதல் நோயாளிக்குச் சிகிச்சை. அந்த ஒரு கேள்விதான் அணு மருத்துவம் என்ற துறையின் விதைகளில் ஒன்று. இந்தியாவில் 1963இல் மும்பையில் கதிர்மருத்துவ மையம் தொடங்கியது முதல், தைராய்டு நோயாளிகள் இத்துறையின் முக்கியப் பயனாளிகளாக இருந்து வருகிறார்கள்.

இன்று நம் நாட்டில் தைராய்டு படத்துக்குப் பெரும்பாலும் பயன்படுவது அயோடின் அல்ல, டெக்னீசியம்-99எம். டெக்னீசியம் மனிதன் செயற்கையாக உண்டாக்கிய முதல் தனிமம், 1937இல் இத்தாலியின் பலேர்மோவில் கண்டறியப்பட்டது. அதன் பெர்டெக்னிடேட் என்ற வடிவம், மின்னூட்டத்திலும் அளவிலும் அயோடைடை ஒத்திருக்கிறது. அதனால் சுரப்பியின் வாசலில் நூலை உள்ளே இழுக்கும் புரதம் இதையும் இழுத்துக்கொள்கிறது. உள்ளே போனபின் இதை வைத்து ஹார்மோன் நெய்ய முடியாது. ஆகவே கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வெளியேறிவிடும். அந்தக் கொஞ்ச நேரம் போதும். கைநரம்பில் ஊசி போட்டு, 20 நிமிடம் காத்திருந்து, கழுத்துக்கு மேலே காமா கேமராவை வைத்தால் படம் வந்துவிடுகிறது.

டெக்னீசியத்தின் அரை ஆயுள் வெறும் 6 மணி நேரம். அப்படியானால் மருத்துவமனை அதை எப்படி வாங்கி இருப்பு வைப்பது? வைப்பதில்லை. 66 மணி நேர அரை ஆயுள் கொண்ட மாலிப்டினம்-99 அடங்கிய ஒரு கலம் வரும். அது சிதைந்து சிதைந்து டெக்னீசியமாக மாறிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு காலையும் உப்புநீரை உள்ளே செலுத்தி, சேர்ந்திருக்கும் டெக்னீசியத்தை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். உலகெங்கும் அணு மருத்துவக்காரர்கள் அந்தக் கலத்தை மாடு என்றும், எடுப்பதைக் கறப்பது என்றும்தான் சொல்கிறார்கள். காங்கேயம் மாடுகளின் மாவட்டத்துக்காரர்களுக்கு இது அன்னியமாகத் தோன்றாது.

இனி படத்துக்கு வருவோம். கிரேவ்ஸ் நோயில் மொத்தச் சுரப்பியும் ஒரே சீராகப் பளிச்சென்று தெரியும். எல்லா மிஷினுக்கும் நூல் போகிறது. ஒற்றை நச்சு முடிச்சு என்றால் ஓர் இடம் மட்டும் விளக்குப் போல் எரிய, மீதி இருண்டு கிடக்கும். பல முடிச்சுக் கழலையில் திட்டுத் திட்டாக ஒளிரும். அழற்சியில் கழுத்துப் பகுதி ஏறக்குறைய வெறுமையாக இருக்கும். ஆர்டர் நின்றுவிட்டது, சேதமான சுரப்பி நூல் வாங்கவில்லை. ரத்தத்தில் ஹார்மோன் நிரம்பி வழியும்போது படத்தில் சுரப்பியே காணாமல் போவது, முதல்முறை பார்க்கிற எவரையும் திகைக்க வைக்கும். வெளியிலிருந்து மாத்திரை விழுங்கியவருக்கும் படம் இப்படித்தான் வரும். அவருடைய பதிலையும் சில ரத்தச் சோதனைகளையும் கொண்டு மருத்துவர் பிரித்தறிவார்.

இந்தப் பிரிவினை ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு அழற்சி ஒன்றே போதுமான சாட்சி. கார்பிமசோல் மாத்திரை கம்பெனிக்குள் தையலை நிறுத்துகிற மருந்து. கிரேவ்ஸ் நோயாளிக்கு அது பெருந்துணை. பொதுவாக 12 முதல் 18 மாதம் தருவார்கள். குடோன் இடிந்தவருக்கு அதனால் பயன் எதுவும் இல்லை, அங்கே தையலே நடக்கவில்லையே. படபடப்பைத் தணிக்க மாத்திரை, வலி இருந்தால் வலி மருந்து, சில வாரப் பொறுமை. அவருக்குத் தேவை அவ்வளவுதான். சரக்கு தீர்ந்தபின் அவருக்குக் குறைச் சுரப்புக் கட்டம்கூட வரலாம். அந்த நேரத்தில் கார்பிமசோலும் விழுங்கிக்கொண்டிருந்தால் நிலைமை இன்னும் மோசமாகும். அதோடு, அரிதாக என்றாலும் கார்பிமசோல் வெள்ளணுக்களை அபாயகரமாகக் குறைத்துவிடும். அதைச் சாப்பிடும் எவருக்கும் காய்ச்சலும் தொண்டை வலியும் வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே ரத்தம் பார்க்க வேண்டும். நச்சு முடிச்சின் கதை வேறு. மாத்திரை அதை அடக்கிவைக்கும். மாட்டிக்கொண்ட சுவிட்சைச் சரிசெய்யாது. கதிரியக்க அயோடினோ அறுவை சிகிச்சையோதான் நிரந்தரத் தீர்வு.

அப்படியானால் மிகைச் சுரப்பு என்றாலே எல்லோரும் அணு ஸ்கேனுக்கு ஓட வேண்டுமா? வேண்டாம். கண்கள் பிதுங்கி, கழுத்து சீராக வீங்கி வருபவரைப் பார்த்த உடனேயே அனுபவமுள்ள மருத்துவர் கிரேவ்ஸ் என்று சொல்லிவிடுவார். அவருக்குப் பெரும்பாலும் படமே தேவையில்லை. போலி ஆர்டரையே நேரடியாகப் பிடிக்கும் ரத்தப் பரிசோதனையும் வந்துவிட்டது, டி.ஆர்.ஏ.பி. என்பார்கள். அது தெளிவாக மிகுந்திருந்தால் கிரேவ்ஸ் உறுதி. அமெரிக்கத் தைராய்டு சங்கத்தின் 2016ஆம் ஆண்டு வழிகாட்டி, காரணம் பார்த்த அளவில் விளங்காதபோது இந்த எதிர்ப்பொருள் சோதனை, அணு மருத்துவச் சோதனை, ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் அல்ட்ராசவுண்ட் ஆகிய மூன்றில் பொருத்தமானதைத் தேர்ந்துகொள்ளச் சொல்கிறது. முடிச்சு இருந்து, அதுதான் குற்றவாளி என்ற சந்தேகம் வந்தால் அணு ஸ்கேனுக்கே முதலிடம். அதில் இன்னொரு நன்மையும் உண்டு. பளிச்சென்று எரியும் முடிச்சில் புற்றுநோய் இருப்பது மிக அரிது. எனவே பல நேரங்களில் ஊசி குத்திச் சதை எடுத்துப் பார்க்கும் வேதனை மிச்சமாகும்.

அல்ட்ராசவுண்டை நான் குறைத்துச் சொல்லவில்லை. அதோடு கலர் டாப்ளரும் சேர்ந்தால் கட்டடத்தோடு ரத்த ஓட்டமும் தெரியும். கிரேவ்ஸ் சுரப்பியில் ரத்தம் கொழுந்துவிட்டு எரிவதுபோல் திரையெங்கும் சிவப்பும் நீலமுமாகத் தெரிவதைக் கண்டு, 1988இல் அதற்குத் தைராய்டு நெருப்புக்காடு என்று பொருள்படும் பெயரே வைத்தார்கள். அழற்சியில் ஓட்டம் குறைந்திருக்கும். ஆனால் ரத்த ஓட்டம் என்பது மறைமுகச் சாட்சிதான். எடுப்பவரின் கைத்திறனையும் கருவியின் அமைப்பையும் பொறுத்து மாறும். இன்னொரு சிக்கலும் உண்டு. அல்ட்ராசவுண்டில் தேடினால், வயது வந்தவர்களில் பலருக்கும் சிறு சிறு முடிச்சுகள் தென்படும். அவற்றில் மிகப் பெரும்பாலானவை ஒன்றும் செய்யாதவை. கழுத்தில் கைக்கு எதுவும் தட்டுப்படாத ஒருவருக்கு, டி.எஸ்.எச். மாறியிருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக அல்ட்ராசவுண்ட் எடுப்பதை வழக்கமாக்க வேண்டாம் என்று நாளமில்லாச் சுரப்பி மருத்துவர்களின் அமைப்புகளே எச்சரித்தது இதனால்தான். தேவையில்லாமல் கண்ட முடிச்சு, தேவையில்லாத ஊசியையும் பயத்தையும் கொண்டுவரும்.

எல்லாவற்றையும் மாற்றிவிடும் ஒரு நிலை உண்டு. இங்கே இத்தொழிலில் இளம் பெண்கள் ஏராளமாக இருப்பதால் அதைச் சற்று நின்று சொல்ல வேண்டும். கர்ப்பிணிக்கு அணு ஸ்கேன் கூடாது. கதிரியக்க அயோடினை நினைத்துக்கூடப் பார்க்கக் கூடாது. சுமார் 12 வாரத்தில் கருவின் தைராய்டும் அயோடினை இழுக்கத் தொடங்கிவிடுகிறது. தாய்க்குக் கொடுத்தது பிள்ளையின் சுரப்பியை அழித்துவிடும். கர்ப்பத்தின் முதல் மாதங்களில் கர்ப்ப ஹார்மோனே டி.எஸ்.எச்.ஐ இறக்கிவிடுவதும் இயல்பாக நடப்பதுதான். இவர்களுக்கு ரத்தச் சோதனையும் டாப்ளரும்தான் வழி.

பிள்ளை பெற்று மூன்று நான்கு மாதத்தில் படபடப்போடு வரும் தாய்க்கு இரண்டில் எதுவும் இருக்கலாம்: தானே அடங்கும் அழற்சி, அல்லது அப்போதுதான் தலைதூக்கும் கிரேவ்ஸ். முதலில் எதிர்ப்பொருள் சோதனை செய்வதே நல்லது. அதிலும் விளங்காமல் ஸ்கேன் தேவைப்பட்டால் டெக்னீசியத்தைத் தேர்ந்து, மருத்துவர் சொல்லும் நேரம்வரை தாய்ப்பாலைக் கறந்து வெளியேற்றிவிட்டுப் பிறகு கொடுக்கலாம். பொதுவாக அரை நாள் முதல் ஒரு நாள். கதிரியக்க அயோடினான அயோடின்-131 கொடுத்தால் அந்தக் குழந்தைக்குத் தாய்ப்பாலையே நிறுத்த வேண்டியிருக்கும்.

மற்றவர்கள் "அணு" என்ற சொல்லைக் கேட்டுப் பயப்பட வேண்டியதில்லை. ஒரு டெக்னீசியம் தைராய்டு ஸ்கேனில் உடலுக்குச் சேரும் கதிர்வீச்சு, மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் ஓர் ஆண்டில் நமக்கு இயற்கையாகச் சேரும் அளவை ஒட்டியதுதான். ஒரு நாள் கழிந்தால் சிதைவால் மட்டுமே பதினாறில் ஒரு பங்காகக் குறைந்துவிடும்.

பயப்பட வேண்டியது வேறொன்றைப் பார்த்து: தவறான வரிசை. கழுத்து வீங்கியிருக்கிறதே என்று முதலில் மருந்து ஏற்றி சி.டி. எடுத்துவிடுகிறார்கள். அந்த மருந்தில் அயோடின் மிக அதிகம். சுரப்பி நூலில் மூழ்கிவிடுகிறது. அதன்பின் பல வாரங்களுக்கு அணு ஸ்கேன் எடுத்தால் கிரேவ்ஸ் சுரப்பிகூட வெறுமையாகத் தெரிந்து, அழற்சி என்று ஏமாற்றலாம். நச்சு முடிச்சு உள்ளவருக்கு அந்த அயோடினே நோயை மூட்டியும் விடலாம். மார்பெலும்புக்குப் பின்னால் இறங்கி மூச்சுக்குழலை நெருக்கும் பெரிய கழலைக்கு சி.டி. தேவைப்படும், அதையும் மருந்து ஏற்றாமலே எடுக்க முடியும். மிகைச் சுரப்பின் காரணத்தைக் கண்டுபிடிக்க சி.டி.யும் எம்.ஆர்.ஐ.யும் உதவுவதில்லை. இதயத் துடிப்புக்குத் தரும் அமியோடரோன் மாத்திரையிலும் அயோடின் நிறைய உண்டு. முடி வளர்வதற்காகப் பயோட்டின் மாத்திரை சாப்பிடுவோருக்கு, சில லேப் கருவிகளில் நோயே இல்லாமல் மிகைச் சுரப்புப் போலக் கணக்கு வரும். ரத்தம் கொடுப்பதற்கு இரண்டு நாள் முன்பாவது அதை நிறுத்த வேண்டும்.

அணு மருத்துவத்துக்குத் திருப்பூரிலிருந்து 50 கிலோமீட்டர் தள்ளி கோயம்புத்தூருக்குப் போகிறவர்கள் அதிகம். பீஸ் ரேட்டில் வேலை செய்பவருக்கு அது ஒரு நாள் கூலி. அந்த ஒரு நாள் வீணாகக் கூடாது. இ.எஸ்.ஐ. அட்டை இருந்தால் மேல்சிகிச்சைக்கான பரிந்துரைச் சீட்டு கிடைக்குமா என்று டிஸ்பென்சரியில் முதலிலேயே கேளுங்கள். பழைய ரத்த ரிப்போர்ட், சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டைகள், கடந்த மூன்று மாதத்தில் எடுத்த சி.டி.யின் பில் ஆகியவற்றை ஒரே கவரில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். நாள் தள்ளிப்போயிருந்தால், பால் கொடுத்துக்கொண்டிருந்தால், யாரும் கேட்கும்வரை காத்திருக்காமல் ஊசி போடுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். சீட்டில் "ஸ்கேன்" என்று மட்டும் எழுதியிருந்தால் அறையை விட்டு வருவதற்கு முன் மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்: "சார், இது ஜெல் தடவி எடுக்கறதுங்களா, ஊசி போட்டு எடுக்கறதுங்களா?"